பழைய டிராக்டர் இஞ்சின் திணறுகிறதா? பிரிப்பதற்கு முன் இவற்றைப் பாருங்கள்

மேட்டூர் திறந்து, கல்லணை தாண்டி, புதாற்றில் தண்ணீர் வந்துவிட்டால் பூதலூர் வட்டாரத்தில் யாருக்கும் நிற்க நேரம் இருக்காது. நாற்றங்கால் ஒரு பக்கம், வரப்பு வெட்டு ஒரு பக்கம், தொளி உழவு ஒரு பக்கம். அந்த நேரம் பார்த்துத்தான் பழைய டிராக்டர் மக்கர் பண்ணும். ஒரேயடியாக நின்றுபோனால் ஆளைக் கூப்பிட்டுவிடலாம். பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. வண்டி ஓடும், ஆனால் உதறும், கேஜ் வீல் சேற்றில் இறங்கியதும் இழுக்காது, புகை மாறும். பட்டறையில் கேட்டால் 'போர் வேலை வந்துடுச்சு, இறக்கிடலாம்' என்பார்கள். நடவுக்கு ஆள் சொல்லி வைத்திருக்கும் விவசாயிக்கு அதைவிடக் கசப்பான வார்த்தை கிடையாது.

போர் வேலை உண்மையிலேயே தேவைப்படும் இஞ்சின்களும் உண்டு. ஆனால் திணறுகிறது என்று சொல்லப்படும் பழைய இஞ்சின்களில் கோளாறு முதலில் டீசல் வரும் வழியில்தான் இருக்கும் என்பது என் அனுபவம். டேங்க் மூடியிலிருந்து நாசில் வரை உள்ள அந்த வழியைப் பார்க்க ஒரு காலைப் பொழுது போதும். செலவும் மிகக் குறைவு.

டெல்டாவில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் பழைய வண்டிகளில் மாஸே பெர்குசன் 1035 வகை அதிகம். சென்னையில் 1960-ல் தொடங்கப்பட்ட டாஃபே நிறுவனத்தின் வண்டி. இஞ்சின் அதே சென்னையின் சிம்சன் நிறுவனத்துடையது, பெர்கின்ஸ் 3.152 என்ற மூன்று சிலிண்டர் இஞ்சின் வழி வந்தது. 152 என்பது கன அங்குலக் கணக்கு, ஏறத்தாழ இரண்டரை லிட்டர். கம்ப்யூட்டர் இல்லை, சென்சார் இல்லை. காதாலும் கண்ணாலும் நான்கைந்து ஸ்பேனராலும் கோளாறு கண்டுபிடிக்கக்கூடிய இஞ்சின். இங்கே சொல்வதில் பெரும்பகுதி மற்ற பழைய டீசல் டிராக்டர்களுக்கும் பொருந்தும்.

எப்போது திணறுகிறது?

ஸ்பேனரை எடுப்பதற்கு முன் இந்தக் கேள்விக்குப் பதில் வேண்டும். ஸ்டார்ட் செய்த நொடியிலிருந்தே ஒரே சீராக உதறினால் ஏதோ ஒரு சிலிண்டர் வேலை செய்யவில்லை. மூன்று சிலிண்டரில் ஒன்று போனால் பானட்டே ஆடும், தெரியாமல் இருக்காது. நன்றாக ஓடிக் கால் மணி நேரம் கழித்துத் திணறினால் டீசல் போதுமான அளவு வரவில்லை. சும்மா நிற்கும்போது சரியாக ஓடி, லோடு ஏறியதும் இழுக்காவிட்டால் ஃபில்டர், ஏர் கிளீனர் இரண்டில் ஒன்று அடைத்திருக்கலாம். ரேஸ் தானாக ஏறி ஏறி இறங்கினால் டீசலில் காற்று கலந்திருக்கலாம், அல்லது பம்பின் கவர்னர் பக்கம் தேய்மானம் இருக்கலாம்.

புகையும் தகவல் சொல்லும். கறுப்புப் புகை என்றால் எரிகிற டீசலுக்கு ஏற்ற காற்று இல்லை, அல்லது நாசில் தூவாமல் ஒழுகுகிறது. காலையில் இஞ்சின் சூடேறும் வரை வரும் வெள்ளைப் புகைக்குக் கவலை வேண்டாம். சூடேறிய பிறகும் வந்தால் டீசல் எரியாமல் வெளியேறுகிறது, அல்லது தண்ணீர் கலந்திருக்கிறது. நீலப் புகை ஆயில் எரிவதைக் காட்டும். அது வரும்போதுதான் போர், ரிங் பற்றிப் பேச வேண்டும்.

டேங்க் மூடியிலிருந்து தொடங்குங்கள்

சில ஆண்டுகளுக்கு முன் பூதலூர் பக்கம் ஒரு விவசாயி, வண்டி ஒரு மா உழுவதற்குள் திணறுகிறது, நிறுத்தி டீ குடித்துவிட்டு வந்தால் மறுபடி ஓடுகிறது என்றார். இஞ்சினை இறக்கத் தேதி குறித்தாகிவிட்டது. போய்ப் பார்த்தால் டேங்க் மூடி தொலைந்துபோய், மழைத்தண்ணீர் இறங்காமல் இருக்க வாயில் பாலித்தீன் பையை இரண்டு சுற்றுச் சுற்றி ரப்பரால் கட்டியிருந்தார். டீசல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று உள்ளே போக வழியில்லை. டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி டீசலைப் பிடித்து நிறுத்திவிடுகிறது. வண்டியை நிறுத்தி வைத்தால் மெல்ல மெல்லக் காற்று கசிந்து சரியாகிவிடுகிறது. பையைப் பிரித்ததும் 'புஸ்' என்ற சத்தம். வேறு வேலையே இல்லை.

மூடி இருக்கும் வண்டிகளிலும் அதிலுள்ள சின்னக் காற்றுத் துளை சேறும் தூசியும் சேர்ந்து அடைத்திருக்கும். வண்டி திணறும் அந்த நேரத்தில் மூடியைத் திறந்து பாருங்கள். சத்தம் வந்து, இஞ்சினும் தேறினால் கோளாறு அங்கேதான்.

அடுத்தது டேங்குக்குக் கீழே உள்ள டேப். ஃபீட் பம்புக்குப் போகும் குழாயைக் கழற்றி டேப்பைத் திறந்தால் டீசல் தடையில்லாமல் ஓட வேண்டும். சொட்டுச் சொட்டாக வந்தால் டேங்கின் அடியில் வண்டல். இங்கே ஒரு விஷயம். இந்த வண்டிகளில் டேங்க் இஞ்சினுக்கு மேலே இருப்பதால், வண்டி நிற்கும்போது டீசல் கசிந்து ஈரமாக இருக்கும் இணைப்புதான், வழி அடைத்து பம்ப் இழுக்கும்போது காற்றை உள்ளே விடும் இடமும். ஈரத்தைத் துடைத்துவிட்டுப் போகாமல், வாசரை மாற்றுங்கள். பழைய செம்பு வாசரைத் திருப்பிப் போட்டு ஓட்டுவது நம் ஊர்ப் பழக்கம். சில ரூபாய் மிச்சம் பிடித்து ஒரு நாளை இழப்போம்.

தண்ணீர் கலந்த டீசல்

டெல்டாவில் இது தனிப் பிரச்சினை. பங்கில் கேனில் வாங்கி, மோட்டார் கொட்டகையில் வைத்து, மழை நாளில் வயலிலேயே ஊற்றுகிறோம். தண்ணீர் டீசலைவிடக் கனம், அடியில் தங்கும். கேனை இரவு முழுக்க அசையாமல் வைத்து, மேல் டீசலை மட்டும் ஊற்றுங்கள். அடியில் இரண்டு விரல் உயரம் நின்றதை ஊற்ற வேண்டாம். வேலை முடிந்த மாலையிலேயே டேங்கை நிரப்பி வைப்பதும் நல்லது. பாதி காலியான டேங்கில் இரவுக் குளிருக்கு ஈரக்காற்று நீராகப் படியும்.

ஃபில்டர் கிண்ணத்தின் அடியிலுள்ள திருகைத் தளர்த்தி ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்துப் பாருங்கள். தண்ணீர் இருந்தால் கீழே கோடு போட்டதுபோல் பிரிந்து நிற்கும். இரண்டு ஃபில்டர் உள்ள வண்டிகளில் முதலாவது துணி வகையாக இருந்தால் சுத்தமான டீசலில் அலசலாம். பேப்பர் ஃபில்டரை அலசவே கூடாது. மடிப்பில் கண்ணுக்குத் தெரியாத கிழிசல் விழுந்தால் அழுக்கு நேரே பம்புக்குள் போகும். பம்பும் நாசிலும் மிக நுணுக்கமாகப் பொருந்தும் பாகங்கள். அவற்றுக்கு டீசலே மசகு. மண்ணெண்ணெய் கலந்த டீசலை மலிவு என்று வாங்கி ஊற்றாதீர்கள் என்பதும் அதனால்தான்.

2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுக்க விற்கும் டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் 10 பங்குக்கு மேல் கிடையாது. பழைய வண்டிக்கு இந்த டீசலே தாராளமாகப் போதும். ஆனால் கந்தகம் குறைந்த டீசலுக்கு மாறிய வெளிநாடுகள் சிலவற்றில், பழைய ரப்பர் சீல்கள் சுருங்கிக் கசிந்ததுண்டு. முப்பது வருடச் சீலோடு ஓடும் பம்ப் கசிந்தால் சீல் செட் மாற்றப் பாருங்கள். டீசலில் கண்ட எண்ணெயைக் கலப்பது தீர்வாகாது.

காற்று எடுப்பது

ஃபில்டரைத் தொட்ட பிறகு காற்று எடுத்தே ஆக வேண்டும். ஃபீட் பம்பின் கை நெம்பை அடித்துக்கொண்டே முதலில் ஃபில்டர் தலையில் உள்ள திருகையும், பிறகு இன்ஜெக்ஷன் பம்பில் உள்ள காற்றுத் திருகுகளையும் தளர்த்துங்கள். நுரை நின்று சுத்த டீசல் வந்ததும் அடித்துக்கொண்டே இறுக்குங்கள். நெம்பு விறைப்பில்லாமல் ஆடினால் பம்ப் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டவேண்டாம். உள்ளே இருக்கும் கேம் அதை மேலே தூக்கி நிறுத்தியிருக்கலாம்; இஞ்சினை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மறுபடி அடித்துப் பாருங்கள். அப்போதும் வேலை செய்யாவிட்டால் டயஃப்ரம் கிழிந்திருக்கலாம். ஆயில் குச்சியை எடுத்து முகருங்கள். டீசல் வாடை அடித்து அளவும் கூடியிருந்தால் அந்த ஆயிலோடு வண்டியை ஓட்டாதீர்கள், பேரிங் போய்விடும். கடைசியாக நாசில் பக்க நட்டுகளைக் கொஞ்சம் தளர்த்தி, ரேஸை முழுதாக வைத்து ஸ்டார்ட்டரைச் சுற்றினால் காற்று வெளியேறும்.

எந்தச் சிலிண்டர்?

இவ்வளவும் சரியாக இருந்தும் உதறல் நிற்கவில்லையா? வண்டி நியூட்ரலில், ஹேண்ட் பிரேக் போட்டு, மெதுவான ரேஸில் ஓடட்டும். நாசிலுக்குப் போகும் குழாய் நட்டை ஒவ்வொன்றாக அரைச் சுற்றுத் தளர்த்தி, மறுபடி இறுக்குங்கள். நல்ல சிலிண்டரைத் தளர்த்தினால் உதறல் உடனே கூடும். எதைத் தளர்த்தினாலும் சத்தம் மாறவில்லையோ அதுதான் வேலை செய்யாத சிலிண்டர். நட்டின் மேல் ஒரு துணியைப் போட்டுக்கொண்டு, ஸ்பேனரால் மட்டும் செய்யுங்கள். கையை அருகில் கொண்டுபோய்ச் சோதிக்காதீர்கள். நாசில் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 170 கிலோவுக்கு மேல். அந்தப் பீச்சல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், ஆனால் தாமதித்தால் விரலையே எடுக்க வேண்டி வரலாம். பட்டால் மஞ்சள் வைத்துக் கட்டாமல் நேரே பெரிய மருத்துவமனைக்குப் போங்கள், டீசல் உள்ளே ஏறியதைச் சொல்லுங்கள்.

சந்தேகப்பட்ட சிலிண்டரின் நாசிலைப் பக்கத்துச் சிலிண்டருக்கு மாற்றிப் பொருத்துங்கள். அடியில் புதுச் செம்பு வாசர், இரண்டு நட்டும் சமமாக இறுக்கம். உதறலும் கூடவே இடம் மாறினால் நாசில்தான் கோளாறு. பம்ப் ரூமில் கொடுத்துப் பீச்சலும் அழுத்தமும் பார்க்கச் சொல்லுங்கள். மூன்றையும் சேர்த்துக் கொடுப்பது நல்லது. ஒன்று மட்டும் புதிதாக இருந்தாலும் ஓட்டம் ஒத்துப்போகாது.

உதறல் அதே சிலிண்டரில் நின்றால் டேப்பட் இடைவெளியைப் பாருங்கள். பெர்கின்ஸ் 3.152-க்குக் குளிர்ந்த நிலையில் 0.30 மி.மீ., அதாவது 12 தௌ; சூடாக இருக்கும்போது 0.25 மி.மீ., 10 தௌ. உங்கள் வண்டியின் கையேட்டில் வேறு அளவு இருந்தால் அதையே வையுங்கள். இடைவெளியே இல்லாமல் இருந்தால் வால்வு முழுதாக மூடாது, கம்ப்ரஷன் கசியும். ஸ்டாப் கம்பியை இழுத்துப் பிடித்து ஸ்டார்ட்டரைச் சுற்றுங்கள். சத்தம் ஒரே சீராக வராமல் ஒரு இடத்தில் வேகமாக வழுக்கினால் அந்தச் சிலிண்டரில் கம்ப்ரஷன் குறைவு. இஞ்சின் ஆறியபின் ரேடியேட்டர் மூடியைத் திறந்து ஸ்டார்ட் செய்ய, தண்ணீரில் குமிழி தொடர்ந்து வந்தால் ஹெட் கேஸ்கெட். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் புகை பீறிட்டு வந்து, ஆயிலும் குறைந்துகொண்டே இருந்தால் ரிங், லைனர். பட்டறைக்காரர் சொன்ன போர் வேலைக்கு இப்போதுதான் ஆதாரம் கிடைத்திருக்கிறது. அதுவும் நடவு முடியும் வரை மெதுவாக ஓட்டித் தள்ளிப்போட முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். நீலப் புகை மட்டும்தான் என்றால் ஆயில் அளவை தினமும் பார்த்துக்கொண்டு பெரும்பாலும் முடியும். கேஸ்கெட் போயிருந்தால் முடியாது.

ஏர் கிளீனரை மறந்துவிடக் கூடாது. நெல் அடித்த களத்தில் நின்ற வண்டியின் ஏர் கிளீனரில் தூசும் சண்டும் குழம்பாகத் தேங்கியிருக்கும். கிண்ணத்தைக் கழற்றிக் கழுவி, கோடு வரை மட்டும் புது ஆயில் ஊற்றுங்கள். கோட்டைத் தாண்டினால் இஞ்சின் அந்த ஆயிலை உறிஞ்சும்.

இன்ஜெக்ஷன் பம்பில் சீல் வைத்த திருகை மட்டும் யாரையும் தொட விடாதீர்கள். 'டீசலைக் கொஞ்சம் ஏத்தி விடுறேன், இழுக்கும்' என்று திருகிவிடும் கைகள் எல்லா ஊரிலும் உண்டு. இரண்டு நாள் இழுக்கும், பிறகு கறுப்புப் புகையும் சூடும்தான். பம்பை இறக்க வேண்டியிருந்தால் அதன் ஃப்ளேஞ்சிலும் இஞ்சின் பக்கத்திலும் நேர்க்கோடாகக் கீறல் அடையாளம் போட்டுவிட்டு இறக்கச் சொல்லுங்கள். திரும்ப மாட்டும்போது கீறல்கள் ஒன்றுக்கொன்று நேராக நிற்கின்றனவா என்று பக்கத்திலேயே நின்று பாருங்கள்.