ஒலிவியாவின் ஏழு ஆண்டுகள்

ஒலிவியா டி ஹாவிலண்ட் என்றதும் 'கான் வித் த விண்ட்' படத்தின் மெலனியும், எரால் ஃப்ளின்னோடு நடித்த ராபின் ஹுட் படமும் நினைவுக்கு வரும். 2 ஆஸ்கர் விருதுகளையும் சேர்த்துச் சொல்வார்கள். ஆனால் 104 வயதுவரை வாழ்ந்து 2020இல் பாரிசில் மறைந்த அவருடைய மிகப் பெரிய சாதனை நடந்த இடம் கலிபோர்னியா நீதிமன்றம் என்றே நான் கருதுகிறேன். தொழிலாளர் வரலாற்றில் சேர வேண்டிய அந்த வழக்கை, ஒரு நட்சத்திரத்துக்கும் கம்பெனிக்கும் நடந்த மனத்தாங்கலாகச் சுருக்குவது நியாயமில்லை.

1936இல் வார்னர் பிரதர்ஸோடு அவருடைய 7 ஆண்டு ஒப்பந்தம் தொடங்கியது. பிடிக்கவில்லை என்றால் நடிகையை இடையிலேயே விலக்கிவிடக் கம்பெனிக்கு உரிமை உண்டு. விலகிப்போக நடிகைக்கு உரிமை இல்லை. கொடுத்த வேடத்தை மறுத்தால் சம்பளம் நிற்கும். அத்தோடு, அப்படி நின்ற நாட்களெல்லாம் ஒப்பந்தத்தின் வாலில் கூட்டப்படும். என்னைப் பொறுத்தவரை கொடுமை இந்தக் கணக்கில்தான் இருக்கிறது. மறுக்க மறுக்க விடுதலை தள்ளிப்போகும் என்றால், கலைஞர் மறுப்பதையே விட்டுவிடுவார். தயாரிப்பாளர் செல்ஸ்னிக்கிடம் இரவலாகப் போய் நடித்த மெலனி வேடம் ஆஸ்கர் பரிந்துரை பெற்ற பிறகும், தன் சொந்தக் கம்பெனி தரும் சாதாரண வேடங்களை ஒலிவியா மறுக்க வேண்டியிருந்தது. 1943இல் 7 ஆண்டு முடிந்தபோது, இன்னும் சுமார் 6 மாதம் பாக்கி என்றது வார்னர்.

அவருடைய வழக்கறிஞர் மார்ட்டின் காங், யாரையும் 7 ஆண்டுக்கு மேல் வேலை ஒப்பந்தத்தில் கட்டிவைக்கக் கூடாது என்ற மாநிலச் சட்டத்தைக் காட்டினார். 7 ஆண்டு என்பது உண்மையில் உழைத்த காலம் என்று கம்பெனி வாதிட்டது. நாட்காட்டியின் 7 ஆண்டுதான், அந்தப் பாதுகாப்பைத் தொழிலாளி தானாக விட்டுக்கொடுக்கவும் முடியாது என்று 1944 டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1945இல் மாநில உச்ச நீதிமன்றமும் அதில் தலையிட மறுத்தது.

சட்டம் முன்பே இருந்தது, அவர் புதிதாக என்ன செய்தார் என்று கேட்கலாம். ஏட்டில் இருந்த வரம்புக்குக் கம்பெனிகளே பொருள் சொல்லிக்கொண்டிருந்தன. அதை அவர்களிடமிருந்து பறிக்க யாராவது தன் பிழைப்பைப் பணயம் வைக்க வேண்டியிருந்தது. அதே வார்னரிடமிருந்து விடுபடப் பார்த்த நடிகை பெட் டேவிஸ் 1936இல் லண்டன் நீதிமன்றத்தில் தோற்றிருந்தார். ஒலிவியாவுக்கு வேலை தரக் கூடாதென்று மற்ற ஸ்டூடியோக்களுக்கு வார்னரிடமிருந்து கடிதங்கள் போயின. ஏறத்தாழ 2 ஆண்டு அவர் படமின்றி இருந்தார். ஒரு நடிகைக்கு இருபதுகளின் கடைசி ஆண்டுகள் எவ்வளவு விலைமதிப்புள்ளவை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. வசதியான நட்சத்திரத்தின் போராட்டம்தானே என்பாரும் உண்டு. உண்மை, ஆனால் வழக்குச் செலவைத் தாங்கக்கூடியவர் பெற்ற தீர்ப்பு, தாங்க முடியாத துணை நடிகருக்கும் பொருந்தியது.

ஸ்டூடியோ ஆதிக்கத்தைச் சரித்தவை 1948இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தந்த பாரமவுண்ட் தீர்ப்பும் தொலைக்காட்சியும்தான் என்பது வலுவான மறுப்பு. ஆனால் அந்தத் தீர்ப்பு கம்பெனிகளிடமிருந்து பிரித்தது திரையரங்குகளை. நடிகரைக் கட்டியிருந்த முடிச்சு அதற்கு முன்பே அவிழ்ந்துவிட்டது. விடுபட்ட ஒலிவியா, மனநல மருத்துவமனையைக் களமாகக் கொண்ட 'த ஸ்நேக் பிட்' போன்ற படங்களில் நடித்தார். 'டு ஈச் ஹிஸ் ஓன்', 'த ஏரஸ்' இரண்டுக்கும் ஆஸ்கர் வாங்கினார். ஒலிவியா பெற்ற தீர்ப்பின் பலத்தை இசைத்தட்டுக் கம்பெனிகள் நன்றாக அறிந்திருந்தன: 7 ஆண்டில் விலகும் பாடகர் தராமல் விட்ட ஆல்பங்களுக்கு நஷ்டஈடு கேட்கலாம் என்று 1987இல் தங்களுக்கென ஒரு திருத்தத்தை அந்த 7 ஆண்டுச் சட்டத்தில் அவை சேர்த்துக்கொண்டன.