ஒற்றையடிப்பாதையும் உடைமையும்: இங்கிலாந்தின் நாட்டுப்புற வழியுரிமை வரலாறு பற்றிய ஒரு நோக்கு

யாழ்ப்பாணத்துக் காணி உறுதிகளில் ‘வழி வாய்க்கால் உரிமை’ என்றொரு தொடர் வருவதை நம்மிற் பலர் அறிவோம். உள்ளே அமைந்த காணிக்காரன் அயற்காணியூடாகத் தன் வளவுக்குப் போய்வரும் உரிமையை அது குறிக்கும். அவ்வுரிமை காணியைச் சார்ந்தது. காணி கைமாறும்போது தானும் கைமாறுவது. காணியில்லாதவனுக்கு அதில் இடமில்லை. இங்கிலாந்திலே ‘பொது நடைபாதை’ என வழங்குவது இதனின்றும் வேறுபட்டது. பிறனுக்கு உடைமையான வயலினூடாகவும் மேய்ச்சற்றரையினூடாகவும், சிலவிடங்களில் வீட்டு முற்றத்தினூடாகவுங்கூட, அப்பாதை செல்லும். அதில் நடப்பதற்கு ஒருவர் எந்தவொரு நிலத்துக்கும் உடையவராயிருத்தல் வேண்டியதில்லை. இங்கிலாந்திலும் வேல்சிலும் இன்று பதிவிலுள்ள பொது வழிகளின் மொத்த நீளம் ஏறத்தாழ 140,000 மைல். தனியுடைமையைச் சட்டத்தின் அத்திவாரமாகக் கொண்ட ஒரு நாட்டில் உடைமையற்றவர்க்கு இவ்வுரிமை எஞ்சியது எவ்வாறு என்பதே இக்கட்டுரையில் நாம் எழுப்பும் வினா.

ஆங்கில இலக்கிய வரலாறுகள் இவ்வினாவை எழுப்புவதில்லை. நாட்டுப்புற நடை என்றதும் அவை வேட்ஸ்வேர்த்தையும் கோல்ரிட்ஜையும் அழைத்துவந்து நிறுத்தி, இயற்கையோடு ஒன்றிய தனிமனித ஆன்மாவின் அனுபவமாக அதனை விளக்கி அமைந்துவிடுகின்றன. நடந்தவர் யார், யாருடைய நிலத்தில் நடந்தார், யார் அவரைத் தடுத்தார் என்பன இவ்விளக்கத்திற் காணாமற் போகின்றன. நாம் இதனை மறுதலையாக நோக்க விரும்புகின்றோம். முன்னர் பரப்பாகக் கிடந்த ஓர் உரிமை கோடாகச் சுருங்கிய வரலாறே நடைபாதையின் வரலாறு என்பது எமது கருத்து.

பரப்பு என நாம் குறிப்பது வேலியடைப்புக்கு முற்பட்ட கிராமத்தை. திறந்த வயல்கள், பொது மேய்ச்சல் நிலம், தரிசு, காடு ஆகியவை சேர்ந்த அவ்வமைப்பில் நிலத்தின் உடைமை பிரபுவிடம் இருந்தபோதும், பயன்பாட்டுரிமைகள் பலரிடம் இருந்தன. மாடு மேய்த்தல், விறகு பொறுக்குதல், அறுவடைக்குப் பின் கதிர் பொறுக்குதல் ஆகிய வழக்காறுகள் மனிதரை நிலத்தின் மேற் பரவச் செய்தன. ஆலைக்கும் கோயிலுக்கும் அயற்கிராமத்துக்கும் செல்லும் தடங்கள் இவ்வாழ்க்கையின் உடன்விளைவுகளாகவே தோன்றின. அந்நாளில் இந்நிலையைப் பொற்காலமாகக் கருதுவது தவறு. நிலமானியக் கட்டுப்பாடுகள் கடுமையானவை, வறுமையும் பெரிது. எனினும் கூலிக்கு அப்பாற்பட்ட ஒரு பிழைப்புக்கு அங்கு இடமிருந்தது. வேலியடைப்பு அழித்தது அந்த இடத்தையே.

1604க்கும் 1914க்கும் இடையில் 5,200க்கு மேற்பட்ட வேலியடைப்புச் சட்டங்களைப் பாராளுமன்றம் நிறைவேற்றிற்று. அவை தழுவிய நிலம் ஏறத்தாழ 68 இலட்சம் ஏக்கர். இங்கிலாந்தின் ஐந்திலொரு பங்குக்குச் சற்று மேல். இவற்றிற் பெரும்பாலானவை 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி தொடங்கி ஒரு நூற்றாண்டுக்குள் வந்தவை. சட்டமே கொள்ளையின் கருவியாக மாறிய இக்கட்டத்தை மார்க்ஸ் ‘மூலதனம்’ முதலாம் பாகத்திலே ஆதித்திரட்டல் பற்றிய அதிகாரங்களில் விரிவாக ஆராய்ந்துள்ளார். பாதைகளைப் பொறுத்தவரையில் முக்கியமானது 1801ஆம் ஆண்டின் பொது வேலியடைப்புச் சட்டம். பொதுவண்டிப் பாதைகள் குறைந்தது 30 அடி அகலமாக அமைதல் வேண்டும் என அது விதித்தது. ஆணையாளர்கள் புதிய வழிகளை வரைபடத்திற் குறித்தனர். குறிக்கப்படாத பழைய தடங்கள் அழிந்தன. நூற்றாண்டுக்கணக்கில் கால்கள் எழுதியதை அளவைக்காரனின் கோல் அழித்து மீண்டும் எழுதிற்று.

இம்மாற்றத்தை உள்ளிருந்து கண்டு எழுதியவர் ஜோன் கிளெயர் (1793-1864). நோர்தம்ரன்சயரில் ஹெல்ப்ஸ்ரன் என்னும் கிராமத்தில், சூடடிக்கும் கூலியாளின் மகனாகப் பிறந்தவர். அக்கிராமத்துக்குரிய வேலியடைப்புச் சட்டம் 1809இல் நிறைவேறியபோது அவருக்கு வயது 16. இறுதித் தீர்ப்பு வெளிவந்த 1820ஆம் ஆண்டிலேயே அவரது முதற் கவிதைத் தொகுதியும் அச்சேறிற்று. வேலியடைக்கும் கூலிக் கூட்டத்தோடு கிளெயரும் சேர்ந்து வேலைசெய்தார் என்பது நெஞ்சை உறுத்தும் செய்தி. தன்னை வெளியே நிறுத்தப்போகும் வேலியைத் தானே கூலிக்கு நடுதலினும் தெளிவாகக் கூலியுழைப்பின் அந்நியமாதலை வேறெதுவும் காட்டுமோ நாமறியோம். பாதை மூடப்பட்டதை அறிவிக்கும் பலகை அவரது கவிதையில் வருகின்றது. கிளெயரின் இடவுணர்வு திறந்த வயற் கிராமத்தின் அமைப்போடு பிணைந்தது என்பதை ஜோன் பரல் 1972இல் வெளியிட்ட நூலில் எடுத்துக்காட்டினார். அக்கவிதைகளில் ‘இயற்கை’ எனப்படுவது ஒரு காட்சியன்று. நுழையும் உரிமையோடு கூடிய ஓர் உறவு. உரிமை போனபின் அது இழப்பின் பாட்டாகின்றது.

1841 யூலையில் கிளெயர் எசெக்சிலிருந்த மனநோய் விடுதியை விட்டு வெளியேறி, ஏறத்தாழ 80 மைல் தூரத்தை நான்கு நாட்களில் நடந்து வீடு சேர்ந்தார். பசிக்கு வழியோரப் புல்லைத் தின்றதாக அவரே எழுதிவைத்துள்ளார். அப்பொழுது இங்கிலாந்தில் 1824ஆம் ஆண்டின் அலைந்து திரிவோர் சட்டம் நடைமுறையிலிருந்தது; பிழைப்புக்கு வழிகாட்ட இயலாது வெளியிற் படுத்துறங்குபவன் அதன்படி குற்றவாளி. உடைமையுள்ளவன் நடந்தால் உலா, இல்லாதவன் நடந்தால் திரிதல். இவ்வர்க்கப் பாகுபாடு இங்கிலாந்தோடு நின்றுவிடவில்லை. தரிசையும் காட்டையும் முடிக்குரியனவென அனுமானித்த 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமும், அதனையடுத்து 1841இல் வந்த அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டமும் இலங்கையில் ஒன்றன்பின் ஒன்றாக இயற்றப்பட்டமையைத் தற்செயல் எனக் கொள்வது கடினம். நிலத்தை அடைப்பதும் நிலமற்றவனின் நடமாட்டத்தை அடக்குவதும் ஒரே செயலின் இரு பக்கங்கள்.

வேலியடைப்பிற் தப்பிய பாதைகளுக்கும் பாதுகாப்பிருக்கவில்லை. 1815ஆம் ஆண்டின் சட்டமொன்று, தேவையற்றதெனத் தாம் கருதும் நடைபாதையை மூடுவதற்கு இரண்டு நீதவான்களுக்கு அதிகாரம் வழங்கிற்று. நீதவான்கள் யார்? அயலிலுள்ள நிலப்பிரபுக்களே. ஒருவர் தம் தோட்டத்தூடே செல்லும் பாதையை மூட விரும்பினால், விருந்துக்கு வரும் நண்பர் இருவரின் கையொப்பம் போதும். இதற்கெதிராக 1824இல் யோர்க்கிலும் 1826இல் மன்செஸ்ரரிலும் பழைய நடைபாதைகளைக் காக்கும் சங்கங்கள் தோன்றின. மன்செஸ்ரர்ச் சங்கத்தை நடத்தியோர் தாராண்மைவாத நடுத்தர வர்க்கத்தினர். நிலப்பிரபுத்துவத்தோடு முரண்பட்ட வளர்முக முதலாளித்துவத்துக்கு அப்பொழுது பாதை ஓர் அரசியல் ஆயுதமாயிற்று. ஆலைக்குள் தொழிலாளியின் நேரத்தை வேலியடைத்தவர்களும் அவ்வர்க்கத்தவரே என்பதை நினைவிற் கொள்வது நலம்.

கவிஞர்களும் இம்முரண்பாட்டுக்கு விலக்கானவர்களல்லர். நடையைக் கவிதையாக்கிய வேட்ஸ்வேர்த், 1844இல் கென்டலிலிருந்து வின்டமியருக்குப் புகையிரதப் பாதை அமைக்கும் திட்டத்தை எதிர்த்துப் பத்திரிகைக்குக் கடிதங்கள் எழுதினார். தொழில் நகரங்களிலிருந்து திரளாக வருவோர் அவ்வழகைத் துய்க்கும் பயிற்சியற்றோர் என்பது அவரது வாதங்களில் ஒன்று. இரசனை இங்கு வேலியாகின்றது.

சட்டம் அனுமதித்த கோடு எவ்வளவு மெல்லியது என்பதை 1893ஆம் ஆண்டின் வழக்கொன்று காட்டும். றட்லண்ட் கோமகனின் வேட்டை நிலத்தினூடே பொதுத் தெரு ஒன்று சென்றது. அதில் நின்ற ஒருவர், கிரவுஸ் என்னும் காட்டுக்கோழிகளைத் துப்பாக்கிகளின் முன் செல்லவிடாது வெருட்டும் நோக்கில் தமது குடையை விரித்து ஆட்டினார். கோமகனின் ஆட்கள் அவரைப் பிடித்து நிலத்தில் அழுத்தி வைத்தனர். அவர் வழக்குத் தொடர்ந்தார். தெருவில் பொதுமக்களுக்குள்ள உரிமை போய்வருவதற்கும் அதனோடொட்டிய வழமையான பயன்பாட்டிற்குமே உரியது. காலடியிலுள்ள மண் கோமகனுடையது. ஆகவே குடை விரித்தவர் அத்துமீறியவர் என மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்தது. பாதையின் மேல் நிற்பவனும் உடைமையின் மேலேதான் நிற்கின்றான் என்னும் உண்மை இத்தீர்ப்பால் வெளிப்பட்டது. கோமாளித்தனமாகத் தோன்றும் இவ்வழக்கு இத்துறையின் மிக ஆழமான ஆவணங்களுள் ஒன்று.

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாதையைக் கோரியவர்களின் வர்க்கம் மாறிற்று. 1896 செப்ரெம்பரில் போல்ரன் நகரின் பஞ்சாலைத் தொழிலாளர் ஆயிரக்கணக்கில் திரண்டு, அடைக்கப்பட்ட வின்ரர் ஹில் பாதையில் நடந்தனர், சோசலிசவாதிகள் முன்னின்றனர். பின்னர் நடந்த வழக்கிலே தோல்வி அவர்களுடையதாயிற்று. 1900இல் ஷெபீல்ட் நகரில் ஜி. எச். பி. வார்ட் கிளாரியன் நடைக்குழுவைத் தொடங்கினார். வேலியடைப்பால் நிலத்தினின்றும் துரத்தப்பட்டு ஆலைக்கு வந்தவர்களின் பேரப்பிள்ளைகள், ஞாயிற்றுக்கிழமை ஒருநாள் அதே நிலத்துக்குத் திரும்பினர் என இதனைக் கூறலாம். திரும்பியோர் மேய்ச்சலையும் விறகையும் கேட்கவில்லை; காற்றையும் ஓய்வையும் கேட்டனர். கோரிக்கையின் உள்ளடக்கம் மாறியிருந்தது.

1932 ஏப்ரில் 24இல் கின்டர் ஸ்கவுட் மலையில் நடந்த கூட்டு அத்துமீறல் இவ்வரலாற்றின் உச்சமாகக் கொள்ளப்படுவது. பிரித்தானியத் தொழிலாளர் விளையாட்டுச் சம்மேளனத்தைச் சேர்ந்தவரும் இளங் கம்யூனிஸ்டுமான பென்னி றொத்மன் அதன் தலைவர்; வயது 20. ஹேபீல்ட் கிராமத்திலிருந்து புறப்பட்ட சுமார் 400 பேர் முதலில் வில்லியம் கிளவ் பள்ளத்தாக்கினூடான பொதுப் பாதையிலே சென்றனர். 1894இல் அமைந்த நடைபாதைச் சங்கம் நிலவுடைமையாளருடன் பேசி 1897இல் திறப்பித்த பாதை அது. இடைவழியில் சீழ்க்கை ஒலித்தது. அவர்கள் பாதையை விட்டிறங்கிச் சரிவில் ஏறினர். அந்த ஓரடியிலேயே அவ்வியக்கத்தின் பொருள் முழுவதும் அடங்கியுள்ளது. கோட்டை ஏற்றுக்கொண்டவர்கள் முதன்முறையாகப் பரப்பைக் கேட்டனர்.

அத்துமீறல் அன்று குற்றவியற் சட்டத்துக்குட்பட்டதன்று. எனவே வேட்டைக் காவலருடன் ஏற்பட்ட கைகலப்பைக் காரணமாகக் கொண்டு, கலகம் விளைவித்தல் முதலிய குற்றங்கள் சாட்டப்பட்டன. இராணுவ அதிகாரிகளும் நாட்டுப்புறக் கனவான்களும் நிறைந்த யூரி, டார்பியில் ஐவரைக் குற்றவாளிகளாகக் கண்டது. இரண்டு முதல் ஆறு மாதங்கள் வரை சிறை. றொத்மனுக்கு நான்கு மாதம். இங்கு முற்போக்கு எழுத்தாளர்க்கு ஓர் எச்சரிக்கை அவசியமாகின்றது. நடைபயணச் சங்கங்களின் கூட்டமைப்பு இந்நடவடிக்கையை எதிர்த்தது. நடந்தவர்கள் மலையின் உண்மையான உச்சியை அடையவுமில்லை. இருபதாண்டு தடையற்ற பயன்பாடு வழியுரிமையை நிறுவும் என்ற வழியுரிமைச் சட்டம் அதே 1932இல் நிறைவேறியது உண்மையாயினும், அது ஏற்கெனவே பாராளுமன்றத்தின் முன் இருந்ததொன்று. ஒரு ஞாயிற்றுக்கிழமையினால் சட்டம் மாறிற்று என்று எழுதுவது வீரகாவியம் பாடுவதேயன்றி வரலாறாகாது. தண்டனையின் கொடுமையே, அதுவரை ஒதுங்கியிருந்தோரையும் அனுதாபிகளாக்கிற்று என்பதே பொருத்தமான மதிப்பீடு.

தொழிற் கட்சி அரசாங்கத்தின் 1949ஆம் ஆண்டுச் சட்டம் இருவகையிற் செயற்பட்டது. தேசியப் பூங்காக்களை அமைத்தது. கின்டரை உள்ளடக்கிய பீக் மாவட்டம் 1951இல் முதலாவதாயிற்று. மறுபுறம், மாவட்ட சபைகள் பொது வழிகளைச் சட்டவலுவுள்ள வரைபடங்களிற் பதிதல் வேண்டுமெனப் பணித்தது. பரப்பின் மீதான உரிமைக்கு மேலும் அரைநூற்றாண்டு காத்திருக்க வேண்டியிருந்தது. 2000ஆம் ஆண்டின் சட்டம் மலை, புதர்நிலம், பதிவுற்ற பொதுநிலம் முதலியவற்றில் தடமின்றி நடக்க இடமளித்தது. அது தழுவியது இங்கிலாந்தின் ஏறத்தாழ நூற்றுக்கு எட்டுப் பங்கு. பயிர்ச்செய்கைக்குப் பெரிதும் உதவாத மேட்டுநிலமே அதிற் பெரும்பகுதி என்பதை அவதானிக்கலாம். கிளெயரின் தாழ்நிலக் கிராமத்தவர்க்கு அதனாற் கிடைத்தது சொற்பம்.

அச்சட்டமே ஒரு காலக்கெடுவையும் விதித்தது. 1949க்கு முற்பட்ட பாதைகள் 2026 சனவரி 1க்குள் வரைபடத்தில் ஏறாவிடின் அவற்றின் மீதான உரிமை அற்றுப்போகும் என்றது. பதிவில் விடுபட்டிருக்கக்கூடியவை 49,000 மைலுக்கு மேல் என நடைபயணர் சங்கமொன்று 2020இற் கணித்தது. இவற்றைத் தேடுவோர் ஆவணக் காப்பகங்களிற் புரட்டும் முதன்மையான சான்றுகளுள் பழைய வேலியடைப்புத் தீர்ப்புகளும் வரைபடங்களும் அடங்கும். 1801ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பொது நடைபாதைகளைக் குறிக்க ஆணையாளருக்கு அதிகாரமில்லை என 1993இல் அளிக்கப்பட்ட தீர்ப்பை, 2015இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் தவறென்று தள்ளிற்று. அதனால், பறிப்பதற்கென எழுதப்பட்ட அத்தாள்கள் மீட்பதற்கான சான்றாகும் தகுதியை மீண்டும் பெற்றன. காலக்கெடு பின்னர் 2031க்குத் தள்ளப்பட்டது. 2024 டிசெம்பரில் அரசாங்கம் அதனை முற்றாக நீக்கப்போவதாக அறிவித்தது.