பொருளியல் முனைவர் பட்டம்: மொழித் தேர்விலிருந்து கணிதத்திற்கு

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் பொருளியல் முனைவர் பட்டத்திற்குச் சேரும் மாணவர் இன்று முதலாண்டில் நுண்பொருளியல், பருப்பொருளியல், பொருளியல் அளவையியல் ஆகிய பாடங்களைப் படித்துத் தகுதித் தேர்வு எழுதுகிறார். கணிதம் இன்றி இவற்றில் எதையும் தாண்ட முடியாது. நூறாண்டுகளுக்கு முன் மாணவர் தாண்ட வேண்டியிருந்த தடை வேறு. அது ஜெர்மன் மொழி.

19-ஆம் நூற்றாண்டில் உயர் பொருளியல் பயில விரும்பிய அமெரிக்கர் பலர் ஜெர்மனிக்குச் சென்றனர். அவர்களில் ஒருவரான ரிச்சர்ட் ஈலி, 1879-இல் ஹைடல்பர்க்கில் முனைவர் பட்டம் பெற்றுத் திரும்பி ஜான்ஸ் ஹாப்கின்சில் கற்பித்தார். கருத்தரங்க வகுப்பு, மூல ஆவண ஆய்வு, ஆய்வேடு என்ற ஜெர்மன் முறை இவ்வாறு அமெரிக்காவில் வேரூன்றியது. பிரெஞ்சு, ஜெர்மன் நூல்களைப் படித்தறியும் திறனும் பட்டத்திற்கான தகுதியாயிற்று.

பாடங்களும் அன்று பரந்திருந்தன. 1913-இல் கொலம்பியாவில் சேர்ந்த அம்பேத்கர் பொருளியலுடன் வரலாறு, சமூகவியல், மெய்யியல் வகுப்புகளையும் எடுத்தார். அங்கு ஆய்வேட்டை அச்சிட்டு ஒப்படைத்தால்தான் பட்டம் கிடைக்கும். வசதியற்ற மாணவருக்கு இது சிறு சுமையன்று. பிரித்தானிய இந்தியாவின் மாகாண நிதி பற்றிய அவரது ஆய்வேடு 1925-இல் நூலாக வெளிவந்தது. பட்டம் 1927-இல் வழங்கப்பட்டது.

கணிதம் முன்பே எட்டிப் பார்த்திருந்தது. யேலில் 1891-இல் முனைவரான இர்விங் ஃபிஷருக்கு வழிகாட்டியவர்களுள் ஒருவர் இயற்பியலாளர் வில்லர்ட் கிப்ஸ். கணிதமும் ஒரு மொழியே என்பது கிப்ஸின் கருத்து. பால் சாமுவேல்சன் தம் ஹார்வர்டு ஆய்வேட்டை 1947-இல் நூலாக்கியபோது அதன் முகப்பில் இக்கருத்தையே பொறித்தார். பின்னர் நடந்தது ஏறத்தாழ அதுதான். பல துறைகள் அயல்மொழி ஒன்றுக்கு ஈடாகக் கணிதத்தை ஏற்றன. காலப்போக்கில் மொழித் தேர்வே பெரும்பாலும் மறைந்தது.

இழப்பு என்னவென்பது தாமதமாகவே பேசப்பட்டது. அர்ஜோ கிளாமரும் டேவிட் கொலாண்டரும் ஆறு முன்னணிப் பல்கலைக்கழகங்களின் மாணவர்களிடம் நடத்திய ஆய்வு 1987-இல் வெளியானது. பொருளாதாரத்தைப் பற்றிய ஆழ்ந்த அறிவு துறையில் வெற்றிபெற மிக முக்கியம் என்றவர்கள் 3 விழுக்காட்டினரே. முக்கியமில்லை என்றவர்கள் 68 விழுக்காட்டினர். அமெரிக்கப் பொருளியல் சங்கம் 1988-இல் ஆன் குரூகர் தலைமையில் ஆணையம் அமைத்தது. நுட்பம் அறிந்தும் நடைமுறைச் சிக்கல் அறியாதவர்களைத் துறை உருவாக்கிவிடுமோ என்ற அச்சத்தை அதன் 1991 அறிக்கை வெளிப்படுத்தியது. ஆயினும் முதலாண்டின் மூன்று பாடங்கள் அசையவில்லை. சில துறைகளில் மட்டும் பொருளாதார வரலாறு கட்டாயப் பாடமாகத் தொடர்ந்தது.