ஆகோள் முதல் கூட்டுக்கொள்ளை வரை

ஆண்டிபட்டி அருகே, வைகைக் கரைப் புலிமான்கோம்பையில் 2006-இல் கிடைத்த சங்ககால நடுகல்லில் ‘ஆகோள்’ என்ற சொல் தமிழ்ப் பிராமியில் பொறித்திருக்கிறது. ஆநிரைப் பூசலில் மாண்டவனுக்கு எடுத்த கல். கோள், கொள்ளை இரண்டுக்கும் வேர் ‘கொள்’தான்.

1860 இந்திய தண்டனைச் சட்டம் கொள்ளைக்கு ஆள் கணக்கு வைத்தது. ஐந்து பேரோ அதற்கு மேலோ சேர்ந்து கொள்ளையடித்தால் அது தனிக் குற்றம். இந்தி ‘டகைத்’ ஆங்கிலம் வழியாக ‘டெக்காய்ட்டி’ ஆகிக் காவல் நிலையத்துக்கு வந்தது; தமிழில் அது ‘கூட்டுக்கொள்ளை’. ‘பயங்கர ஆயுதங்களுடன் பதுங்கியிருந்த 5 பேர் கைது’ என்று மதுரைப் பதிப்புகளில் படிக்கிறோமே, அந்த ஐந்து சட்டம் கேட்கும் ஐந்து.

கொடுமை 396-ஆம் பிரிவில் இருந்தது. கொள்ளையின்போது ஒருவன் கொலை செய்தால் ஐவருக்கும் தூக்குவரை தண்டனை உண்டு. தெருமுனையில் ஆட்டோவை ஓடவிட்டு நின்றவனுக்கு, உள்ளே கத்தி எடுத்தது தெரிந்திருக்கவே வேண்டாம். இத்தனைக்கும், குற்றம் செய்கையில் தற்செயலாக நேரும் சாவைக் கொலையாக்கும் ஆங்கில விதியை, இந்தச் சட்டத்தின் 1837 வரைவிலேயே, அதை எழுதிய மெக்காலே குழு மறுத்தது. அவ்விதியால் யார் உயிருக்கும் பாதுகாப்பு அதிகமாகாது என்றது. இங்கிலாந்தே அவ்விதியை 1957-இல் ஒழித்தது. கலிபோர்னியா 2018-இல் சட்டம் இயற்றி, கொன்றவன், கொல்லும் நோக்கோடு உதவியவன், உயிரைத் துச்சமாக மதித்துக் குற்றத்தில் பெரும்பங்கு வகித்தவன் என்று பெரும்பாலும் சுருக்கியது.

நாம் எதிர்த்திசையில் போனோம். 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் பழைய 396-ஆம் பிரிவு 310(3) ஆனது. தூக்கும் ஆயுளும் அப்படியே இருக்கின்றன. முன்பு ‘பத்து ஆண்டு வரை’ என்றிருந்த கடுங்காவல், இப்போது ‘பத்து ஆண்டுக்குக் குறையாமல்’. தெருமுனையில் நின்றவனுக்கு மூன்று ஆண்டு போதும் என்று நீதிபதி நினைத்தாலும் கொடுக்க வழியில்லை. இதைச் சீர்திருத்தம் என்று ஏற்க எனக்கு மனம் வரவில்லை. கொலையை அறிந்தே துணைநின்றவரை மட்டும் பிடிக்கும் ஒரு வரியை நாடாளுமன்றம் சேர்த்தாக வேண்டும்.

அதுவரை, உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் அந்த ஆட்டோக்காரனுக்காக வாதாடும் வழக்கறிஞர், அவன் கொல்ல நினைக்கவில்லை என்று சொல்லிப் பயனில்லை. அவன் அந்தக் கூட்டத்திலேயே இல்லை என்றோ, கூட்டத்தில் இருந்தவர்கள் நாலே பேர் என்றோ வாதாட வேண்டும். நாலு பேர் என்றாகிவிட்டால், கொலையில் அவனுக்கும் பொதுநோக்கம் இருந்ததென்று அரசுத் தரப்பு மெய்ப்பிக்க வேண்டிவரும்.