கேட்டலெப்சி சோதனை

கேட்டலெப்சி சோதனை என்பது மனநோய் எதிர்ப்பு மருந்துகள் எலி, சுண்டெலி ஆகியவற்றின் அசைவை எவ்வாறு மாற்றுகின்றன என்பதை அளக்கும் ஆய்வக முறையாகும். அசையும் வலிமை இருந்தும், தனக்கு அளிக்கப்பட்ட உடல்நிலையை விலங்கு தானாக மாற்றிக்கொள்ளாத விறைநிலையே கேட்டலெப்சி எனப்படுகிறது.

செய்முறை

மருந்து செலுத்தப்பட்ட எலியின் முன்னங்கால்கள், தரைக்குச் சற்று மேலே கிடையாகப் பொருத்தப்பட்ட கம்பியின்மீது வைக்கப்படும். இயல்பான எலி சில நொடிகளில் இறங்கிவிடும். ஹாலோபெரிடோல் பெற்ற எலி பல நிமிடங்கள் அவ்வாறே நிற்கக்கூடும். இறங்க எடுக்கும் நேரமே அளவீடாகும்.

காரணம்

இம்மருந்துகள் மூளையின் ஸ்ட்ரையேட்டம் பகுதியிலுள்ள டோப்பமின் டி2 ஏற்பிகளை அடைக்கின்றன. இவற்றுள் ஏறத்தாழ 80 விழுக்காட்டிற்கு மேல் அடைபடும்போது விறைநிலை தோன்றுகிறது. மனிதரில் நடுக்கம், தசை விறைப்பு முதலிய பக்கவிளைவுகள் தோன்றுவதும் ஏறத்தாழ இவ்வளவிலேயே ஆகும்.

நடத்தையில் மாற்றம்

ஒலி கேட்டவுடன் ஓடி மின்னதிர்ச்சியைத் தவிர்க்கப் பழகிய எலி, இம்மருந்தைப் பெற்றபின் ஒலியைப் பொருட்படுத்துவதில்லை. ஆனால் அதிர்ச்சி பட்டதும் ஓடித் தப்புகிறது. விறைநிலையை உண்டாக்காத குறைந்த அளவு மருந்திலேயே இவ்விளைவு காணப்படுகிறது.

முக்கியத்துவம்

விறைநிலையை உண்டாக்கும் மருந்தே மனநோயைக் குணப்படுத்தும் என்று ஒரு காலத்தில் கருதப்பட்டது. எலிகளில் விறைநிலையைப் பெரிதும் உண்டாக்காத குளோசபின் இக்கருத்தை மாற்றியது. பிற மருந்துகளால் பயனடையாத மனச்சிதைவு நோயாளர் பலருக்கு அது பயன் தருவதை 1988 இல் வெளியான ஆய்வு காட்டியது. எனவே இன்று இச்சோதனை, மருந்தின் இயக்கம் சார்ந்த பக்கவிளைவுகளை முன்னறியவே பெரிதும் பயன்படுகிறது.