ஒரே விலையில் இரண்டு அலமாரிகள்

கல்யாணமாகி குரோம்பேட்டையில் வாடகைக்குக் குடியேறியபோது எங்களிடம் இருந்தவை ஒரு மெத்தையும் நான்கு அட்டைப்பெட்டிகளும்தான். முதல் வருஷத்திலேயே இரண்டு அலமாரிகள் வந்து சேர்ந்தன. ஒன்று, இணையத்தில் தவணைக்கு எடுத்த பார்ட்டிக்கிள் போர்டு அலமாரி: 9,000 ரூபாய். இன்னொன்று, பல்லாவரத்தில் வெள்ளிதோறும் கூடும் சந்தையில் வாங்கிய பழைய தேக்கு. அது 6,500, குட்டி யானை வண்டிக்கும் பாலிஷுக்கும் சேர்த்துக் கிட்டத்தட்ட அதே கணக்குதான்.

வந்த அன்று ஜெயித்தது புதியதுதான். வெள்ளை வெளேரென்று, ஆளுயரக் கண்ணாடியோடு ஒரு மணி நேரத்தில் எழுந்து நின்றது. தேக்கில் ஒரு கதவு தொங்கியது. உள்ளே அந்துருண்டை நெடி. கூட வந்த ஆசாரி, "கதவை விடுங்க தம்பி, சட்டத்தைப் பாருங்க" என்றார். ஆணி இல்லாமல், மரத்துக்குள் மரம் செருகிய மூட்டுகள். அசைத்துப் பார்த்தேன், கிறீச்சென்றுகூடச் சத்தமில்லை. இரண்டு ஞாயிறு உப்புத்தாள் போட்டுத் தேய்த்ததும் கறுப்பு உரிந்து, தேன் நிறத்தில் ரேகை எழுந்தது.

இரண்டாவது வீட்டுக்கு மாறியபோதுதான் வித்தியாசம் தெரிந்தது. புதியதைக் கழற்றினால் திருகாணித் துளைகளிலிருந்து சத்துமாவு போலக் கொட்டியது. திரும்பப் பூட்டும்போது ஆணி பிடிமானமின்றிச் சுற்றிக்கொண்டே இருந்தது; தீக்குச்சி செருகித்தான் நிறுத்தினோம். ஐப்பசி மழையில் அறைக்குள் தண்ணீர் வந்தது. அடிப்பலகை டீயில் தோய்த்த ரஸ்க் மாதிரி ஊதி, அப்படியே நின்றுவிட்டது.

எடையில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றுதான். தேக்கு கன மீட்டருக்குச் சுமார் 650 கிலோ. போர்டும் அந்த அளவே. ஆனால் மரத்தில் நார் நீளவாக்கில் ஓடுகிறது, போர்டில் அது துகளாக நொறுங்கிப் பசையில் ஒட்டியிருக்கிறது. வெட்டிய ஓரத்திலும் துளையிலும் ஈரம் நுழைந்தால் துகள் உப்பும், பிறகு வற்றாது. வைரம் பாய்ந்த தேக்கில் இயற்கையாகவே எண்ணெய் உண்டு. கறையானும் எளிதில் அண்டாது.

பழசு எல்லாமே நல்லது என்று சொல்லவில்லை. காலடியில் மாவாகத் தூள் கிடந்தால் உளுத்த மரம், தொடாதீர்கள். சாயம் பூசி வேறு மரத்தைத் தேக்கு என்பார்கள். முதுகுப்பக்கம் நகத்தால் கீறிப் பாருங்கள். தேக்கே ஆனாலும் வெள்ளையாக ஓரம் தெரிந்தால் அது வைரம் பாயாத பகுதி, அதைக் கறையான் தின்னும். பழைய கட்டிலென்றால் மூட்டைப்பூச்சி, மூட்டுக்கு மூட்டு டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். டிவி ஸ்டாண்டு போல, ஈரம் படாமல் ஒரே இடத்தில் நிற்கும் சாமானுக்குப் போர்டு போதும். ஆனால் வாடகை வீட்டில் எந்தச் சாமான் ஒரே இடத்தில் நிற்கிறது?

மூன்றாவது வீட்டுக்குப் போகுமுன் பழைய சாமான்காரரைக் கூப்பிட்டோம். போர்டை எடைக்குக்கூட எடுக்கவில்லை. கண்ணாடியையும் கீல்களையும் கழற்றிக்கொண்டார். தேக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு, என்ன விலை என்றார்.