பயிற்சி வைத்தியர்களின் உளச்சோர்வு: தனிமனிதக் குறையா, பணி ஒழுங்கின் குறையா?

அரச வைத்தியசாலையில் நள்ளிரவில் அனுமதிக்கப்படும் நோயாளியை விடுதியில் முதலில் பார்ப்பவர் பெரும்பாலும் உள்ளகப் பயிற்சி வைத்தியரே. அவர் எத்தனை மணித்தியாலமாக உறங்கவில்லை என்பது நோயாளியின் பாதுகாப்பையும் சார்ந்த கேள்வி.

இலங்கையில் மருத்துவப் பட்டம் பெற்றவர், மருத்துவ சபையின் தற்காலிகப் பதிவுடன் ஓராண்டு உள்ளகப் பயிற்சியை முடித்த பின்னரே முழுப் பதிவைப் பெறலாம். ஆறு மாதம் வீதம் இரண்டு பிரிவுகளில் அவர் பணியாற்றுவார். பயிற்சியை மேற்பார்வை செய்யும் வைத்திய நிபுணரே அதைச் சான்றுப்படுத்துபவரும் என்பதால், “என்னால் இயலவில்லை” என்று வாய்திறப்பது இலகுவல்ல.

‘பேர்ண்அவுட்’ எனப்படும் தொழில்சார் உளச்சோர்வை 1974இல் அமெரிக்க உளவியலாளர் ஹேர்பேர்ட் ஃபிரொய்டன்பேர்கர் விபரித்தார். பின்னர் கிறிஸ்டினா மஸ்லாக் அதன் மூன்று கூறுகளை வகுத்தார்: உணர்வு வற்றிப்போதல், நோயாளியை ஒரு மனிதராகக் காணாது விலகி நடத்தல், தன் வேலையால் பயனில்லை என்று எண்ணுதல். உலக சுகாதார நிறுவனம் 2019இல் இதை நோயாக அன்றி, கையாளப்படாத நீடித்த பணியிட அழுத்தத்தின் விளைவாகவே வரையறுத்தது. எனவே, பணியிடத்தைத் திருத்தாமல் வைத்தியரை மட்டும் “மன உறுதியோடு இரு” என்பது தீர்வாகாது.

இரண்டாவது கூறையே நோயாளிகள் முதலில் உணர்கிறார்கள். “டொக்டர் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை” என்ற மனக்குறையின் பின்னால் சிலவேளை இச்சோர்வும் இருக்கலாம். எமது பிரதேசங்களில் இதன் விலை அதிகம். போரில் உறவுகளை இழந்தவர்களின் துயரம் தலையிடியாகவும் நெஞ்சு நோவாகவும் தூக்கமின்மையாகவும் வைத்தியசாலைக்கு வருகிறது. அதைக் கேட்டறியப் பொறுமை வேண்டும்.

நியூயோர்க்கில் 1984இல் லிபி சயன் என்ற 18 வயது யுவதி, அனுமதிக்கப்பட்ட சில மணித்தியாலங்களில் இறந்தார். அவரைப் பார்த்தவர்கள் நீண்டநேரக் கடமையிலிருந்த பயிற்சி வைத்தியர்கள். அதையடுத்து எழுந்த விவாதத்தால் அம்மாநிலம் 1989இல் பயிற்சி வைத்தியர்களின் பணிநேரத்தை வாரத்துக்கு 80 மணித்தியாலமாக மட்டுப்படுத்தியது. 2003இல் அவ்வரம்பு அமெரிக்கா முழுவதற்கும் வந்தது. ஐரோப்பிய ஒன்றியச் சட்டம் சராசரி 48 மணித்தியாலம் என்கிறது. பொஸ்டனில் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் நடத்தப்பட்டு 2004இல் வெளியான ஆய்வில், நீண்ட கடமை முறையின்போது பயிற்சி வைத்தியர்களின் பாரதூரமான தவறுகள் சுமார் 36 வீதம் அதிகமாக இருந்தன.

2009இல் வன்னியின் தற்காலிக வைத்தியசாலைகளில் விரல்விட்டு எண்ணக்கூடிய வைத்தியர்கள் ஓய்வின்றி உயிர்காத்ததை எம் மக்கள் மறக்கமாட்டார்கள். ஆனால் அது வேறு வழியில்லாத காலம். அந்தத் தியாகத்தை இன்றைய வைத்தியசாலைகளின் அன்றாட அளவுகோலாக்குவது நியாயமல்ல. 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பின் வைத்தியர்கள் பலர் நாட்டைவிட்டுச் சென்றதால், எஞ்சியோரின் சுமையும் கூடியுள்ளது.

இரவுக் கடமைக்குப் பிந்திய கட்டாய ஓய்வு, கடமையைக் கையளிக்கும்போது எழுத்துமூலக் குறிப்பு, சான்றளிப்பவர் அல்லாத ஒருவரிடம் முறையிடும் வழி ஆகியன உடனடித் தேவைகள். தொடர்ச்சியான உறக்கமின்மை, எரிச்சல், வாழ்வில் வெறுப்பு என்பன தோன்றினால் வைத்தியர்களும் உதவி நாடவேண்டும். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கம் அவர்களுக்கும் உரியதே.